கதிர்காமப் பாத யாத்திரையில் வழித்துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள திருக்கோவில். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் எங்கள் சித்திரவேலாயுத சுவாமி கோயில் வீதியில் ஒரு இரவாவது தங்கித்தான் போவார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கொடுத்தே எனக்கும் நடக்கிற ஆசை வந்தது. 2012இல் முதல் தடவை போனேன், இதுவரை எட்டுத் தடவை காடு தொடங்கும் உகந்தை முருகன் கோயிலிலிருந்து காட்டுப்பாதையால் நடந்திருக்கிறேன். ஆனி மாதம் பிறந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விகள்தான், அதுவும் பாதை பற்றியல்ல, கூட வரும் ஆட்கள் பற்றி. அவற்றைக் கேட்டவர்களின் வாயால் வந்தபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் போடுகிறேன்.

தனிய வெளிக்கிட்டா வழியில ஆக்கள் கிடைப்பாங்களா?

கிடைப்பார்கள். தனியாக வெளிக்கிட்டவரைப் பார்த்திருக்கிறேன், தனியாகவே கதிர்காமம் போய்ச் சேர்ந்தவரை இன்னும் பார்க்கவில்லை. கையில் ஒரு பையும் நெற்றியில் திருநீறுமாக ஒருவர் ரோட்டோரம் நடந்தால், பின்னால் வருகிறவர் "எந்த ஊர் சாமி?" என்று கேட்காமல் தாண்டிப் போக மாட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் ஒன்றாக அரைக் கட்டை நடந்திருப்பீர்கள்.

ரோட்டில் தனியாக நடந்தாலும் பரவாயில்லை, உகந்தைக்கு அங்கால் தனியாக நடக்கவே கூடாது. அது குமண, யால காடுகள். யானை, கரடி, சிறுத்தை, குளங்களில் முதலை எல்லாம் உள்ள இடம். காட்டுக்குள் இறங்குவதற்கு முதல் ஒரு கூட்டத்தோடு சேர்ந்துவிட வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் மட்டக்களப்பு டவுன். எங்க போய்ச் சேர்ந்தா நல்லம்?

எத்தனை நாள் லீவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செல்வச்சந்நிதியிலிருந்து வருகிறவர்கள் ஒன்றரை மாதத்துக்கு மேல் நடப்பார்கள், யாழ்ப்பாணம் தொடங்கி மொனராகலை வரை ஏழு மாவட்டம். அவர்கள் வெருகல் முருகன் கோயிலைக் கும்பிட்டு, வாகரை தாண்டி, மாமாங்கத்துக்கு வருவார்கள். உங்களுக்கு மாமாங்கம் வாசலில் இருக்கிறதே, ஒரு பின்னேரம் போய்க் கோயில் வீதியில் இருந்து கதைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு காரைதீவு, தம்பிலுவில் கண்ணகி அம்மன், திருக்கோவில் என்று எங்கும் சேரலாம்.

ஒரு கிழமைதான் லீவு என்றால் பஸ்ஸில் பொத்துவில் போய், பாணமை வழியாக உகந்தைக்குப் போய்விடுங்கள். பொத்துவிலிலிருந்து உகந்தை சுமார் 30 கிலோமீற்றர். காட்டுக் கேற் திறக்கும் திகதியை ஒவ்வொரு வருசமும் புதிதாகத்தான் அறிவிப்பார்கள், கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி வரும். போன வருசத் திகதியை நம்பி வெளிக்கிட வேண்டாம்.

ஆனால் என் மனதில் உள்ளதைச் சொன்னால், முடிந்தவர்கள் குறைந்தது திருக்கோவிலிலிருந்தாவது நடந்து வாருங்கள். தாண்டியடியிலிருந்து சங்கமன்கண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கோமாரி போகும் அந்தத் தார் ரோட்டில், மத்தியான வெயிலில், யார் யார் எப்படிப்பட்டவர்கள் என்பது தெரிந்துவிடும். உகந்தையில் முதன்முதல் சந்தித்து அடுத்த நாள் காலையே காட்டுக்குள் இறங்குவதை விட அது எவ்வளவோ நல்லது.

எல்லாரையும் சாமி எண்டுதான் கூப்பிடணுமா? கூச்சமா இருக்கு.

இரண்டு நாளில் கூச்சம் போய்விடும். ஆணென்றால் சாமி, பெண்ணென்றால் அம்மா அல்லது சாமியம்மா, சின்னப் பிள்ளை என்றாலும் சின்னச்சாமி. தண்ணி கேட்பதும் "சாமி", வழி விடச் சொல்வதும் "சாமி", தூரத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுவது "அரோகரா". திரும்ப அரோகரா வந்தால் ஆள் இருக்கிறார், சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். காட்டுக்குள் இதற்குப் பயன் அதிகம்.

அப்புறம், இந்தச் சொல்லில் ஒரு நன்மை உண்டு. யார் அதிபர், யார் கூலிவேலை, யார் எந்தக் குடி என்று ஒருவரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஊர் கேட்கலாம், நேர்த்தி என்ன என்று கேட்க வேண்டாம். சொல்ல வேண்டும் என்றிருந்தால் இரவு படுக்கும்போது அவராகவே சொல்லுவார்.

நல்ல கூட்டமா இல்லையா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

எல்லாரும் சொந்த ஊர்க் கூட்டமா என்றுதான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது நடையை. வேல் கொண்டு முன்னால் போகிறவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்க்கிறாரா? ஒரு மரத்தடியில் தங்கினால் கடைசி ஆள் வந்து சேர்ந்து, அவரும் இருந்து மூச்சு வாங்கித் தண்ணி குடித்த பிறகு எழும்புகிறார்களா, அல்லது கடைசி ஆள் வந்ததும் "சரி போவம்" என்று எழும்பிவிடுகிறார்களா? இரண்டாவது வகைக் கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவருக்கு ஓய்வே கிடைக்காது. அவர்தான் மூன்றாம் நாள் விழுவார்.

இன்னொன்று, கூட்டம் எத்தனை மணிக்கு எழும்புகிறது என்று கேளுங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி வெயில் ஏற முதல் பாதித் தூரத்தை முடிக்கிற கூட்டம் வேண்டும். எட்டு மணிக்குச் சோம்பல் முறிக்கிற கூட்டத்தோடு போனால் உச்சி வெயிலில் மணலில் நடக்க வேண்டி வரும். ஆனால் காட்டுக்குள் வெளிச்சம் வந்த பிறகுதான் நடக்க வேண்டும், அந்த நாலு மணிக் கணக்கு ரோட்டுக்கு.

ஆளெண்ணிக்கை பத்து முதல் இருபது வரை இருந்தால் நல்லம். அதற்கு மேல் போனால் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதே தெரியாது.

வேல்சாமி சொல்லுறதையெல்லாம் கேக்க வேணுமா?

நடை, தங்கல், தண்ணி இந்த மூன்றிலும் கேளுங்கள். வேல் தூக்கி வருகிறவர் பெரும்பாலும் பத்து, பதினைந்து தரம் நடந்தவர். எந்த இடத்தில் மாடு தண்ணி குடிக்கிறது, எந்த இடத்தில் யானை இறங்கும் என்று அவருக்குத் தெரியும். வேலை முந்திப் போவதில்லை என்று ஒரு வழக்கமும் உண்டு. அதைப் பக்தி என்று மட்டும் எடுக்க வேண்டாம், ஆட்கள் சிதறாமல் இருப்பதற்கும் அதுதான் காவல்.

மற்ற விசயங்களில் உங்கள் புத்தி உங்களுக்கு. காய்ச்சலோடு நடக்கச் சொன்னாலோ, குளிசையை எறிந்துவிட்டு முருகனை நம்பச் சொன்னாலோ கேட்க வேண்டாம். பிரசர், சீனி வருத்தம் உள்ளவர்கள் தங்கள் மருந்தை எந்தச் சாமி சொன்னாலும் நிறுத்தக் கூடாது.

எனக்கு வேகமா நடக்க ஏலாது. விட்டிட்டுப் போயிருவாங்களா?

விட்டுவிட்டுப் போவார்கள், சில கூட்டம். எனக்கே நடந்தது. 2012இல் எனக்கு யாரையும் தெரியாது, உகந்தையில் முதலில் கண்ட வாலிபர் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டேன். குமுக்கன் ஆறு தாண்டி நாவலடி வரைக்கும் ஒருமாதிரி இழுபட்டுப் போனேன். அங்கிருந்து வியாழைக்குப் போகும்போது குதிக்கால் வெடித்துவிட்டது. அரோகரா சொன்னேன், திரும்ப அரோகரா வரவில்லை. ஒரு பாலை மரத்தடியில் இருந்துவிட்டேன். ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும், அதைத் தின்னக் கரடி வரும், அந்த மரத்தடியில் தனியாக இருக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முக்கால் மணித்தியாலம் போயிருக்கும், முல்லைத்தீவுப் பக்கம் இருந்து வந்த ஒரு கூட்டம் வந்தது, பாதிக்கு மேல் வயதான அம்மாமார். ஒரு அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, போத்தல் தண்ணியில் கொஞ்சம் விட்டு மண்ணைக் கழுவி, தன்னுடைய பழைய சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக் குதிக்காலைச் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "எழும்பு மகன், நாங்கள் மெதுவாத்தான் போவம்" என்றார். அந்த வேகத்தில்தான் நான் கதிர்காமம் போனேன். அந்த வாலிபர் கூட்டத்துக்கு ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தோம்.

ஆகவே, மேலே நடை பற்றிச் சொன்னதை முதல் நாளே பாருங்கள். அதோடு சேரும்போதே "நான் மெதுவாகத்தான் நடப்பேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாமல் இழுபடுவதுதான் ஆபத்து.

நான் பொம்புளை. தனிய வரலாமா, ஆக்கள் என்ன சொல்லுவாங்க?

வரலாம். இந்த யாத்திரையில் பெண்கள் ஏராளம், எங்கள் கிழக்கில் பல கூட்டங்களை நடத்துவதே அம்மாமார்தான். வயதான அம்மாமார் நாலைந்து பேராவது இருக்கிற கூட்டத்தில் சேருங்கள். முதல் நாளே அவர்கள் பக்கத்தில் பாய் விரியுங்கள். குளிக்க, காட்டுப் பக்கம் ஒதுங்க எல்லாம் அவர்களோடு சேர்ந்து போங்கள். யாராவது ஒருவர் தேவையில்லாமல் கூடவே நடந்து கதை கொடுத்தால், முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டிருக்காமல் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் பார்த்துக்கொள்வார். நான் பார்த்த அளவில் அதற்குப் பிறகு அந்த ஆள் அந்தப் பக்கமே வருவதில்லை.

நடுக்காட்டுல வீட்டுக்கு விலக்கானா என்ன செய்யிற?

இதை நான் எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் கேட்கிறவர்கள் அவ்வளவு பேர், அதுவும் அழாக்குறையாகக் கேட்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். சில இடத்தில் வேலுக்குக் கிட்டப் போகாமல், சமையலில் கை வைக்காமல் கூட்டத்தின் பின்னால் நடந்து வருவார்கள். கதிர்காமத்தில் கோயிலுக்குள் போகும் நாளைத் தள்ளிப்போடுவார்கள். சேர முதலே மூத்த அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் நடப்பதென்றாலும் தனியாக விடக் கூடாது, ஒருவர் துணைக்கு நடக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதை ஒரு கட்டாயமாகவே வைத்திருக்கிறோம்.

சாப்பாட்டை எப்பிடிப் பகிருற? எல்லாத்தையும் குடுத்திட்டா எனக்கு?

உகந்தை வரைக்கும் இந்தக் கவலையே வேண்டாம். ஊருக்கு ஊர் அன்னதானம், தாகசாந்தி, சர்க்கரைத் தண்ணி, மோர். காட்டுக்குள்ளும் சில இடங்களில் தண்ணி பவுசர் நிற்கும், அன்னதானம் கொடுக்கிறவர்களும் வருவார்கள். ஆனால் அதை நம்பிக் கைவீசிக்கொண்டு போகக் கூடாது.

காட்டுக்கு ஐந்து, ஆறு நாள் என்று கணக்கு வைத்து அரிசி, பருப்பு, சோயா, அவல், சீனி, தேயிலை, பேரீச்சம்பழம் கொண்டுபோவோம். வழக்கம் என்னவென்றால் அரிசியும் பருப்பும் பொது, உகந்தையிலேயே ஒன்றாகக் கொட்டி, பிறகு சுமைக்குப் பிரித்துக்கொள்வது. இளந்தாரிகள் அரிசி, அம்மாமார் தேயிலையும் சீனியும். பேரீச்சம்பழம், பிஸ்கற் மாதிரி இடைத்தீன் அவரவர் பையில். நடையில் ஒருவர் தலை சுற்றி இருந்துவிட்டால் அதுதான் வெளியே வரும்.

தண்ணி மட்டும் வேறு கணக்கு. சாப்பாட்டை முழுக்கக் கொடுக்கலாம், போத்தலைக் கடைசி மிடறு வரை கொடுக்க வேண்டாம், நீங்களும் விழுந்தால் தூக்குவதற்கு ஆளில்லை. ஆறு வற்றிக் கிடந்தால் மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். சிரட்டையால் முழங்கை ஆழம் கிண்டிவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். முதலில் ஊறுவது கலங்கல், அதை இறைத்துவிட்டு, இரண்டாவதும் இறைத்துவிட்டு, மூன்றாவதாகத் தெளிந்து வருவதைத் துணியில் வடித்துக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். ஒரு கூட்டம் தோண்டிய ஊற்றை அடுத்த கூட்டத்துக்கு அப்படியே விட்டுப் போவது வழக்கம். அதில் கால் கழுவுகிறவரைக் கண்டால் சத்தம் போடுங்கள், தப்பில்லை.

சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. சிங்களச் சனமும் வருதாமே?

வருகிறார்கள், கூடிக்கொண்டும் போகிறார்கள். பாணமை போன்ற ஊரில் தமிழ், சிங்களம் இரண்டும் கலந்த குடும்பங்களே இருக்கின்றன. அவர்களும் "ஹரோ ஹரா" என்பார்கள், நாங்கள் அரோகரா என்போம், அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "வதுர" என்றால் தண்ணி, "அலியா" என்றால் யானை. இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் காட்டில் போதும்.

ஒருமுறை கட்டகாமத்தில் ஒரு சிங்களத் தம்பி எங்கள் நெருப்புப் பக்கம் வந்து நின்றான். பெயர் கேட்டோம், ஊர் கேட்டோம், இரண்டு பக்கமும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவன் பையைத் திறந்து பொதி செய்த தேங்காய்ச்சம்பல் எடுத்து வைத்தான், எங்களிடம் ரொட்டி இருந்தது. அதற்குப் பிறகு கதிர்காமம் வரை எங்கள் அரிசிப் பையை அவன்தான் சுமந்தான்.

என்ட கூட்டாளி முஸ்லிம். அவனுக்கும் வர ஆசை. கூட்டி வரலாமா?

கூட்டி வாருங்கள். கதிர்காமத்தில் முருகன் சந்நிதிக்குக் கிட்டவே பள்ளிவாசல் இருக்கிறது, கிள்ர் நபியின் பெயரால் முஸ்லிம்களும் காலங்காலமாக அந்த இடத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நடைப்பாதையில் பாதி முஸ்லிம் ஊர். வெயிலுக்குக் கடை வாசலில் இருத்தித் தண்ணி தந்தவர்களை நான் மறக்க மாட்டேன்.

கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, குடி இல்லை, சிகரட் இல்லை என்பது அவனுக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். அவன் தொழுகிற நேரத்துக்குக் கூட்டம் கொஞ்சம் நிற்கட்டும், பெரிய காரியமல்ல.

சிலபேர் சாமி எண்டு சொல்லிக் காசு கேக்கிறாங்க. குடுக்கிறதா?

பாத யாத்திரையில் கூட்டத்தில் சேர்க்க யாருக்கும் கட்டணம் இல்லை. கேட்டால் அந்தக் கூட்டம் வேண்டாம். பொதுச் சாமானுக்குப் பங்கு போடுவது வேறு, அது கணக்கோடு இருக்கும், எல்லார் முன்னிலையிலும் நடக்கும். ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு "உங்கட தோஷம்" என்று தொடங்குகிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இவ்வளவு நாள் ஒண்டா இருந்தா சண்டை வராதா?

வரும். மூன்றாம் நாள் பின்னேரம் பார்த்துக்கொள்ளுங்கள், அநேகமாக அன்றைக்குத்தான். கால் வலி, நித்திரை இல்லை, வெயில், ஒருவர் சட்டி கழுவவில்லை என்று தொடங்கும். நாங்கள் செய்வது, கோபம் வந்த இரண்டு பேரில் ஒருவரை வேலுக்குப் பின்னால் முன்வரிசையிலும் மற்றவரைக் கடைசியிலும் நடக்க விடுவது. இரவு சோற்றுக்கு வரும்போது பாதிக் கோபம் வியர்வையோடு போயிருக்கும். ஒரு நாளும் பிரிந்து தனியாகப் போக விடாதீர்கள், என்ன கோபம் என்றாலும்.

வழியில சந்திக்கிற ஆக்களப் போட்டோ எடுக்கலாமா?

கேட்டு எடுங்கள். குளிக்கும் இடம், அழுது கும்பிடுகிறவர், படுத்திருக்கிறவர், இவை வேண்டவே வேண்டாம். யானையைக் கண்டால் போனைத் தூக்காமல் அசையாமல் நில்லுங்கள். எங்கள் கூட்டத்துப் பெரியவர்கள் காட்டுக்குள் யானை என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள், பிள்ளையார் என்பார்கள். பிள்ளையாரோடு செல்ஃபி எடுக்கப் போய் ஒரு கூட்டத்தையே ஓட வைத்தவரைக் கண்டிருக்கிறேன்.

கூட வந்த ஆளுக்குக் காட்டுக்குள்ள ஏலாமப் போனா?

முதலில் நிழல், தண்ணி, ஜீவனி (தண்ணியில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்). அவரோடு இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் இருந்தால் போதாது, உதவி கேட்கப் போக ஆள் வேண்டுமே. யாத்திரைக் காலத்தில் பாதையில் ஆமி, அதிரடிப்படை, வனசீவராசிக்காரர், முதலுதவி ஆட்கள் என்று நிற்பார்கள். முன்னுக்கோ பின்னுக்கோ கிட்டிய இடம் எது என்று வேல்சாமிக்குத் தெரியும். போன் சிக்னலை நம்ப வேண்டாம், பல இடத்தில் கிடைக்காது. உகந்தைக் கேற்றில் பெயர் பதியும்போது வீட்டு நம்பரைச் சரியாகக் கொடுங்கள், கூட்டத்தில் ஒருவரிடமும் அதை எழுதிக் கொடுத்து வையுங்கள்.

கதிர்காமம் போன பிறகு எல்லாரும் பிரிஞ்சிருவமே. மறுகா தொடர்பு இருக்குமா?

மாணிக்க கங்கையில் ஒன்றாக இறங்கி முழுகுவோம், ஈரத் துணியோடு சந்நிதிக்குப் போவோம், செல்லக்கதிர்காமம், கதிரமலை ஏறுவோம், பிறகு பஸ் ஸ்ராண்டில் ஐந்து நிமிசத்தில் எல்லாம் கலைந்துவிடும். அந்த ஐந்து நிமிசம் எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டம். நம்பர் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் எடுக்க மாட்டார்கள், அதற்காகக் கோபிக்காதீர்கள். அவர்களுடைய ஊரில் அவர்களுக்கு வேறு பெயர், வேறு வேலை இருக்கும்.

சிலர் இருப்பார்கள். சேலை கிழித்துக் கட்டிய அந்த அம்மா நாலு வருசம் எங்கள் வீதியால் நடந்து வந்தார், வரும்போதெல்லாம் முதலில் என் காலைத்தான் பார்ப்பார். ஐந்தாவது வருசம் அவருடைய மகள் மட்டும் வந்தார்.

இடையில நிண்டவர் நேர்த்திக் காசைத் தந்துவிட்டா என்ன செய்யிற?

மறுக்காமல் வாங்குங்கள். பெரும்பாலும் மஞ்சள் துணியில் முடிந்திருக்கும், அவிழ்த்து எண்ண வேண்டாம். உங்கள் காசோடு கலக்காமல் வேட்டி முடிச்சிலோ சேலைத் தலைப்பிலோ தனியாக வையுங்கள். எவ்வளவு அவசரம் வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. சந்நிதியில் உங்களுடையதைப் போட முதல் அவருடையதைப் போட்டு, அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிக் கும்பிடுங்கள், நட்சத்திரம் தெரியாவிட்டால் பெயரும் ஊரும் போதும்.

திரும்பி வரும்போது கொஞ்சம் திருநீறு எடுத்து வாருங்கள். அந்த மகள் அப்படித்தான் ஒரு முடிச்சை என் கையில் தந்துவிட்டு, வேலை இருக்கிறது என்று திருக்கோவிலிலேயே பஸ் ஏறிவிட்டார். திருநீறு கொண்டு நான் முல்லைத்தீவுக்குப் போகப் புரட்டாதி ஆகிவிட்டது. பிந்தியதற்கு ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி தந்தார்கள்.